ஓடும் முன் பாதையைப் படி!



"ஓடுறதுக்கு என்னப்பா பெரிய பாடம்? ஷூவை மாட்டினோமா, ஓடினோமான்னு போக வேண்டியதுதானே!" என்று நம்ம வகுப்பிலேயே பல பேர் சொல்றாங்க. மைதானத்தில் அது சரி. மலையில் அது சரிப்பட்டு வராது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் டயர் கம்பெனி வேலைக்காக 2022 முதல் 2024 வரை பிரான்ஸ் நாட்டில், கிளேர்மோன்-ஃபெரான் என்ற ஊரில் இருந்தோம். பிரான்ஸ் என்றதும் நமக்கு ஈஃபில் கோபுரம்தான் ஞாபகம் வரும். ஆனால் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள இந்த ஊரில் மேற்கே பார்த்தால் வரிசையாக எரிமலைகள்! பயப்படாதீங்க, இவை தூங்கிப் பல ஆயிரம் வருஷம் ஆச்சு. வடக்கு தெற்காக சுமார் 80 சின்னச் சின்ன எரிமலைகள் புல்லும் காடும் மூடிய குன்றுகளாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் உயரமானது 'புய் தெ தோம்', 1,465 மீட்டர். 2018-ல் யுனெஸ்கோ இந்த வரிசையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே எங்கள் பள்ளியில் புதன்கிழமை மதியம் பாடம் கிடையாது, விளையாட்டுதான். ஓட்டக் குழுவில் சேர்ந்து நான் இந்தக் குன்றுகளில் ஓடினேன். உடற்கல்வி ஆசிரியை முதல் மாதம் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பாதையைப் படிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. தாளில் மலையைப் பார்ப்பது

புவியியல் பாடத்தில் சமஉயரக் கோடுகள் படித்தோமே, மறந்துடலையே? ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். அங்கே ஓடுகிறவர்கள் அரசு நிலவரைபடத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அளவு 1 : 25,000. அதாவது தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் மெதுவான ஏற்றம், நிம்மதியா ஓடலாம். கோடுகள் ஒட்டி ஒட்டி இருந்தால் செங்குத்து. கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் என்று வெச்சுக்கங்க. உங்க பாதை மேல்நோக்கி 20 கோடுகளைத் தாண்டினால் 200 மீட்டர் ஏறப் போறீங்க. வீட்டில் உட்கார்ந்தபடியே எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று சொல்லிவிடலாம்!

2. கிலோமீட்டரை மட்டும் நம்பாதே

"பாதை எவ்வளவு நீளம்?" என்று நாம் கேட்போம். அங்கே கூடவே இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: "மொத்தம் எவ்வளவு ஏற்றம்?" இரண்டையும் சேர்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும்.

உதாரணம்: புய் தெ தோமுக்கு ஏறும் 'கோவேறு கழுதைக்காரர் பாதை'. பழைய ரோமானியர் காலத்து வழி. தூரம் சுமார் 2 கி.மீ.தான். ஆனால் ஏற்றம் ஏறக்குறைய 390 மீட்டர். 2 + 3.9 = கிட்டத்தட்ட 6. ஆக, "ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று கிளம்புகிறவருக்கு உண்மையில் 6 கி.மீ. வேலை காத்திருக்கிறது! 2003-ல் தொடங்கிய மோன் பிளான் மலைச்சுற்று ஓட்டப் பந்தயத்துக்கும் இதே கணக்கைப் போடலாம். அது சுமார் 170 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். கூட்டினால் 270!

இந்தக் கணக்கு எதற்கு? தண்ணீர் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

3. மரத்தில் இருக்கும் பெயின்ட்

கிராமத்துப் பாதைகளில் மரம், பாறை, கம்பம், வீட்டுச் சுவர் என்று எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன பெயின்ட் பட்டைகள் தெரியும். அதுதான் அங்கே வழிகாட்டி.

* மேலே வெள்ளை, கீழே சிவப்பு: ஊர் ஊராகப் போகும் நெடும்பாதை
* மேலே மஞ்சள், கீழே சிவப்பு: ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை
* மஞ்சள் மட்டும்: ஒரே நாளில் முடியும் குறும்பாதை
* பெருக்கல் குறி: இது வழி அல்ல, திரும்பிப் போ!

ஜான் லுவாசோ என்பவரின் யோசனைப்படி 1947-ல் இதற்காக ஒரு குழு அமைந்தது. இன்று அடையாளமிட்ட பாதைகளின் நீளம் சுமார் 1,80,000 கி.மீ. பூமியை நாலரை முறை சுற்றும் தூரம்! இந்தப் பட்டைகளைத் தீட்டுவதும், மங்கினால் மறுபடி தீட்டுவதும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பல பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள்.

அந்தப் பெயின்டின் மதிப்பு எனக்குப் புரிந்தது 2023 நவம்பரில். மலையின் வடபக்கம் 'ஆட்டுப் பாதை' வழியாக நாங்கள் 11 பேர் இறங்கிக்கொண்டிருந்தோம். திடீர்னு மேகம் வந்து மூடிக்கொண்டது. பத்தடி தள்ளி இருப்பவரைக்கூடத் தெரியவில்லை. நவம்பரில் அங்கே 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஒரு தங்கச்சி அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆசிரியை பதறவில்லை. கண்ணுக்குத் தெரிகிற கடைசி அடையாளத்தின் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தினார். அவர் மட்டும் குரல் கொடுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய் அடுத்த பட்டையைக் கண்டுபிடித்ததும் கூப்பிடுவார். நாங்கள் சேர்ந்து போவோம். மறுபடி நிற்போம். இப்படியே பட்டை பட்டையாக இறங்கி இருட்டும் முன் பஸ்ஸுக்கு வந்துவிட்டோம். யாரோ முகம் தெரியாத ஒருவர் தீட்டி வைத்த வெள்ளை சிவப்புதான் அன்றைக்கு எங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

4. ஏறுவதும் இறங்குவதும்

செங்குத்தான ஏற்றத்தில் பெரிய வீரர்கள்கூட நடக்கத்தான் செய்கிறார்கள். கையைத் தொடையில் ஊன்றி வேகமாக நடப்பார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இறங்குவதுதான் ஏமாற்றும். சுலபமா இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் உடம்பு உருண்டு போகாமல் தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடுகிறது. அப்போது தசை நீண்டபடியே வேலை செய்வதால் நுண்ணிய காயங்கள் உண்டாகும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படிக்கட்டில் இறங்கினால் வலிப்பது இதனால்தான். மருந்து என்ன? சின்னச் சின்ன அடி, மடங்கிய முழங்கால், பார்வை நாலு அடி முன்னால்.

>> உங்களுக்குத் தெரியுமா? <<
அழுத்தத்தின் அலகு 'பாஸ்கல்' என்று இயற்பியலில் படிக்கிறோம் அல்லவா? அந்த பிளேஸ் பாஸ்கல் பிறந்த ஊர் கிளேர்மோன்தான்! அவர் கேட்டுக்கொண்டதால் 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்காவின் கணவர் பெரியே, பாதரசக் குழாயோடு புய் தெ தோம் மேல் ஏறினார். உச்சியில் பாதரசம் ஊரில் நின்றதைவிட சுமார் 8 செ.மீ. கீழே நின்றது. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது இப்படித்தான் நிரூபணமானது.

5. பாதையை விட்டு இறங்காதே

இந்தக் குன்றுகளின் மண் உறுதியான மண் அல்ல, எரிமலை கக்கிய லேசான சரளை. மேலே இருக்கும் புல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. குறுக்கு வழி என்று நாலு பேர் ஓடினால் புல் போய்விடும். அப்புறம் மழை வந்து சரளையை அரித்துக்கொண்டு போகும். அதனால்தான் பக்கத்தில் உள்ள 'பரியு' குன்றில் மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் 35 வருஷத்துக்குப் பிறகு டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் புய் தெ தோம் ஏறியபோது, கடைசி 4 கி.மீ.க்குப் பார்வையாளர்களை விடவே இல்லை!

இன்னும் சில விதிகள்: திறந்த படலை மூடிவிட்டுப் போ. ஆட்டு மந்தையின் நடுவே ஓடாதே. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடு. ஆபத்து என்றால் 112.

நண்பர்களே, பந்தயத்தில் ஜெயிப்பது வேகம். மலையிலிருந்து பத்திரமாக இறக்கிவிடுவது படிப்பு. அந்தப் படிப்புக்கு உதவும் பட்டையை யாரோ ஒருவர் நமக்காகத் தீட்டி வைத்திருக்கிறார் என்பதை மறக்காதீங்க.

கணக்குப் போடுங்க பார்ப்போம்!
1 : 25,000 வரைபடத்தில் ஒரு பாதை 32 செ.மீ. நீளம். மொத்த ஏற்றம் 500 மீட்டர். உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் வேலை?
(விடை: தாளின் அடியில் தலைகீழாக!)

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

விடை: தூரம் 8 கி.மீ. + ஏற்றத்துக்கு 5 = 13 கி.மீ.