பனி இறங்கும் கொண்டாப்பூர்: வீடு இங்கே, வாக்கு எங்கே?

கொண்டாப்பூர்: நவம்பர் பிறந்துவிட்டால் தலைநகர் தில்லியில் புகைமூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. சென்னையிலோ வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு நிலையைப் பற்றிப் பேச்சு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தக்காணப் பீடபூமியில், ஹைதராபாதின் மேற்குப் பகுதியில் உள்ள கொண்டாப்பூரில் இலையுதிர்காலத்தின் கடைசி வாரங்கள் ஆரவாரமின்றி வந்துபோகின்றன.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகருக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தருவது தென்மேற்குப் பருவமழையே. 2020 அக்டோபர் 13 அன்று நகரையே மூழ்கடித்த பெருமழை போன்ற விதிவிலக்குகள் உண்டு. எனினும் வழக்கமாக அக்டோபர் மத்திக்குப் பிறகு வானம் தெளிந்துவிடும். தமிழகத்தில் குடை விரியும் மாதங்களில் இங்கு குடைகள் பரணுக்குப் போய்விடுகின்றன. வறண்ட காற்றும் மேகமற்ற இரவும் சேரும்போது தரையின் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. நவம்பர் பிற்பகுதியில் 15 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை இறங்கும் இரவுகள் உண்டு. கான்கிரீட் குறைந்து பாறையும் புதரும் மிகுந்த ஹைதராபாத் பல்கலைக்கழகச் சுற்றுப்புறம், நகரின் குளிர் மிகுந்த இடங்களின் பட்டியலில் பலமுறை இடம்பெறுகிறது. அந்த வளாகம் கொண்டாப்பூருக்கு அண்மையில்தான் உள்ளது.

இப்பருவத்தின் அடையாளங்கள் சிறியவை. சாலையோரத்தில் ஒரு பழக்கூடை, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஓர் அகல், இரவுக் காவலரின் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய். இவற்றை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னும் வேறோர் ஊரிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். அவர்கள் வாழும் ஊர் இது. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு இங்கு வாக்கு இருக்கிறது என்பதே கொண்டாப்பூர் எழுப்பும் கேள்வி.

சீத்தாப்பழக் கூடைகள்: அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொண்டாப்பூர், கொத்தகூடா சாலைகளின் ஓரத்தில் சீத்தாப்பழம் குவிகிறது. மஹபூப்நகர் பகுதியின் வறண்ட நிலங்களும் கரடுகளும் இப்பழத்துக்குப் பெயர் பெற்றவை. அப்பகுதியின் பாலாநகர் பெயரிலேயே ஒரு ரகம் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரம் இன்று தக்காணத்தின் சொந்த மரமாகவே கருதப்படுகிறது. காயாக வாங்கினால் இரண்டு, மூன்று நாள்களில் கனியும். கனிந்த பின் ஒரு நாளும் தாங்காது. விற்பவருக்கு அவகாசம் இல்லை. மாலைக்குள் கூடை காலியாக வேண்டும்.

அலுவலகங்கள் விடும் நேரத்தில் போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி முதலில் அகற்றப்படுவதும் இக்கூடைகளே. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக, அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆனால் ஆண்டுக்கு இரண்டே மாதங்கள் கடைவிரிக்கும் பருவகால வியாபாரி எந்தக் கணக்கெடுப்பிலும் எளிதில் அகப்படுவதில்லை.

இரு கார்த்திகைகள்: தெலுங்கு நாட்காட்டியின்படி தீபாவளி அமாவாசைக்குப் பின் கார்த்திகை மாதம் பிறந்துவிடுகிறது. தமிழர்களின் கார்த்திகையோ சூரியன் விருச்சிக ராசியில் புகும்போது, நவம்பர் மத்தியில் பிறக்கிறது. எனவே ஒரே கட்டடத்தில் இரு கார்த்திகைகள். 2025ஆம் ஆண்டில் தெலுங்குக் குடும்பங்கள் கார்த்திகைப் பௌர்ணமி விளக்கை நவம்பர் 5 அன்று ஏற்றின. தமிழ்க் குடும்பங்கள் டிசம்பர் 3 அன்று திருக்கார்த்திகை விளக்கை ஏற்றின. முன்னவர்களின் மாதம் முடியும் தறுவாயில்தான் பின்னவர்களின் மாதம் தொடங்கியது.

கார்த்திகைத் திங்கள்கிழமைகளில் விரதம், புலால் மறுத்தல், நெல்லி மரத்தடியில் உறவினரும் நண்பரும் கூடி உண்ணும் வனபோஜனம் ஆகியவை தெலுங்கு மக்களின் வழக்கங்கள். மாதம் முழுவதும் இறைச்சிக் கடைகளில் கூட்டம் குறைவதும், முடிந்த மறுவாரமே நிரம்புவதும் கண்கூடு. கறுப்பு உடையும் துளசி மாலையுமாக வெறுங்காலுடன் மென்பொருள் அலுவலக வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே செல்லும் ஐயப்ப பக்தர்களையும் இம்மாதங்களில் காணலாம். இதற்குச் சற்று முன், தீபாவளி முடிந்த ஆறாம் நாளில், பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நீர்நிலைகளின் கரையில் சத் பூஜை செய்கிறார்கள். ஊருக்குப் போக முடிந்தவர்கள் ரயிலேறிவிடுகிறார்கள்.

பூக்களிலும் இந்த உறவு தெரிகிறது. தெலங்கானாவின் மாநில மலரான தங்கேடு, தமிழகத்தின் ஆவாரம்பூதான். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கடுக்காக வைத்து வணங்கப்படும் அப்பூவை, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் கொங்கு மண்டலத்தார் உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

இரவுக் காவலும் இருசக்கர வாகனமும்: இரவு பத்து மணிக்கு மேல் கொண்டாப்பூரின் தெருக்களில் நடமாடுவோர் இரு வகையினர். ஒரு வகையினர் அடுக்குமாடிகளின் வாயிலில் அமர்ந்திருக்கும் காவலர்கள். இவர்களில் அசாம், ஒடிசா, பிகாரைச் சேர்ந்தவர்கள் பலர். குளிர் தாங்காமல் உதிர்ந்த இலைகளையும் அட்டைப் பெட்டிகளையும் கூட்டிக் கொளுத்துகிறார்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்கும் இப்பருவத்தில் புகை மேலெழாமல் தெருவிலேயே தங்கிவிடுகிறது. தில்லியின் புகைமூட்டத்துக்குப் பெரிய காரணங்கள் பல இருக்கலாம். அங்கும் குளிர்காயும் காவலரின் இந்தச் சிறு நெருப்பு உண்டு. அவருக்கு ஒரு கம்பளியும் அறைக்குள் ஒரு மின் சூடேற்றியும் தருவது குடியிருப்போர் சங்கத்துக்குப் பெரிய செலவல்ல.

மற்றொரு வகையினர் உணவையும் மளிகையையும் வீடு சேர்க்கும் இருசக்கர வாகன ஓட்டிகள். நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவர்களைத் தனிப் பிரிவினராக அங்கீகரித்தது. மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோடு அது நடைமுறைக்கு வந்ததும் இப்பருவத்தில்தான், 2025 நவம்பர் 21 அன்று. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அளிக்க வேண்டும் என்கிறது இச்சட்டம். ஆனால் தொழிலாளர்களுக்கு அந்நிறுவனங்கள் வழங்கும் தொகையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இது போகக் கூடாது என வரம்பும் உண்டு. தில்லியில் பிறந்த சட்டம் கொண்டாப்பூரின் இரவுச் சாலைக்கு வந்து சேர்கிறதா என்பதை இனிவரும் குளிர்காலங்கள் காட்டும்.

குன்றும் மேய்ச்சல் நிலமும்: தெலுங்கில் "கொண்டா" என்றால் குன்று. ஊரின் பெயரில் உள்ள குன்றுகள் பல உடைக்கப்பட்டுவிட்டன. சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையான கருங்கல் பாறைகள் இவை. அண்டைப் பகுதியான மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தை அப்போதைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் 1998 நவம்பர் 22 அன்று திறந்துவைத்தார். அன்று தொடங்கிய வேகம் கொண்டாப்பூரையும் இழுத்துக்கொண்டது. தனி நகராட்சியாக இருந்த சேரிலிங்கம்பள்ளி 2007இல் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

எஞ்சிய பசுமையில் ஒன்று கொத்தகூடாவில் உள்ள கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி தாவரவியல் பூங்கா. பனி படர்ந்த நவம்பர் காலையில் அங்கு நடைப்பயிற்சிக்கு வருவோரின் பேச்சில் தெலுங்கு, தமிழ், இந்தி, வங்காளம் எல்லாம் கேட்கும். மற்றொன்று கஞ்ச கச்சிபௌலி. "கஞ்ச" என்பது மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் சொல். பல்கலைக்கழகத்தை ஒட்டிய அந்த 400 ஏக்கரை ஏலம் விட மாநில அரசு முனைந்து, 2025 மார்ச் இறுதியில் மண் அள்ளும் இயந்திரங்கள் மரங்களைச் சாய்க்கத் தொடங்கியபோது மாணவர்கள் போராடினர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தலையிட்டு ஏப்ரல் 3 அன்று பணிகளை நிறுத்தியது. நிலம் அரசுக்கே உரியது என்ற வாதத்தை நீதிமன்றங்கள் முன்னரே ஏற்றிருந்தன. ஆனால் உரிமை இருப்பதாலேயே உரிய அனுமதியின்றிக் காட்டை அழிக்கலாமா என்பதே அப்போது எழுந்த வினா. மயில்களும் புள்ளிமான்களும் உலவும் அந்நிலத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் வெளிமாநில மாணவர்களும் இருந்தனர். இத்தொகுதியில் அவர்களுக்கு வாக்கு இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

தேர்தல் பருவம்: ஹைதராபாதில் அண்மைக் காலத் தேர்தல்கள் பலவும் இப்பருவத்திலேயே நடந்துள்ளன. 2018 டிசம்பர் 7இல் சட்டப்பேரவைத் தேர்தல், 2020 டிசம்பர் 1இல் மாநகராட்சித் தேர்தல், 2023 நவம்பர் 30இல் மீண்டும் சட்டப்பேரவைத் தேர்தல். மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தோர் 47 சதவீதத்துக்கும் குறைவு.

கொண்டாப்பூர் அடங்கிய சேரிலிங்கம்பள்ளி பேரவைத் தொகுதி 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் உருவானது. 2023 தேர்தலில் தெலங்கானாவிலேயே மிக அதிகமாக, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட தொகுதி இதுவே. பழங்குடியினர் மிகுந்த பத்ராசலம் தொகுதியில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். மாநிலம் முழுவதும் சுமார் 71 சதவீத வாக்குகள் பதிவான அத்தேர்தலில், சேரிலிங்கம்பள்ளியில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. விடுமுறை கிடைத்தது, வரிசை நீளவில்லை.

இதை நகரவாசிகளின் அலட்சியம் என்று மட்டும் கூறி முடித்துவிட இயலாது. 2024 மே 13 அன்று ஆந்திரப் பிரதேசத்தில் பேரவைக்கும் மக்களவைக்கும் வாக்குப்பதிவு நடந்தபோது, ஹைதராபாதிலிருந்து அம்மாநிலத்துக்குச் செல்லும் பேருந்துகளும் ரயில்களும் சங்கராந்தி நாள்களைப் போல் நிரம்பி வழிந்தன. அதே நாளில்தான் ஹைதராபாதிலும் மக்களவைத் தேர்தல். 2025 நவம்பர் 11 அன்று பிகாரில் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு நடந்தது. அம்மாநிலத்தில் இரு கட்டங்களிலும் சேர்த்து சுமார் 67 சதவீதம் பேர் வாக்களித்தனர். அதே நாளில் கொண்டாப்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜூப்ளி ஹில்ஸ் தொகுதியில் இடைத்தேர்தல். அங்கு 50 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வாக்கின் மீது பற்று இருக்கிறது. அந்தப் பற்று பிறந்த ஊரோடு கட்டுண்டு கிடக்கிறது.

சட்டம் சொல்வது: 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ஒரே தொகுதியில்தான் வாக்காளராக இருக்க முடியும், தாம் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பதிவு செய்ய இயலும். சொந்த ஊரில் வீடு இருப்பதாலேயே அங்கு வசிப்பவராகிவிட முடியாது. அதே வேளையில், தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதாலேயே அந்த உரிமை பறிபோவதும் இல்லை. "தற்காலிகம்" என்பது எத்தனை ஆண்டுகள் என்று சட்டம் வரையறுக்கவில்லை. பத்து ஆண்டுகளாகக் கொண்டாப்பூரில் வாழும் மதுரைக்காரர் அடுத்த ஆண்டு திரும்பிவிடுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

2025 நவம்பர் 4 முதல் தமிழகத்தில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த இழுபறியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. கார்த்திகை விளக்கு ஏற்றும் நாள்களில் ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் மழை நிலவரத்தோடு கணக்கெடுப்புப் படிவமும் பேச்சாயிற்று. டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. குடிபெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர் என்ற வகையில் நீக்கப்பட்டவர்களே அவர்களில் பெரும்பகுதியினர். அங்கு பெயர் போய், இங்கும் பெயர் இல்லாதவர் எந்த அரசையும் கேள்வி கேட்கும் தகுதியை வாக்குச்சாவடியில் இழந்துவிடுகிறார்.

ஊர் மாறியவர் படிவம் 8ஐ நிரப்பி இடமாற்றம் கோரலாம். புதிதாகப் பதிவு செய்வோருக்குப் படிவம் 6. விடுதியில் தங்கியிருப்போர் வாடகை ஒப்பந்தம் கேட்டால் விடுதி உரிமையாளர்கள் தயங்குவதுண்டு. ஆவணம் இல்லை என்றாலும் அலுவலர் நேரில் வந்து விசாரித்துப் பெயரைச் சேர்க்க வழி உண்டு.

கொண்டாப்பூரில் 2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களில் தமிழரும் இருந்தனர். மழை நாளில் முழங்காலளவு நீரில் வண்டியைத் தள்ளியவர்களிலும் இருந்தனர். ஏரி, பாறை, நடைபாதை, பழக்கூடைக்கு ஓரடி இடம் ஆகியவற்றை முடிவு செய்வது இவ்வூரின் வாக்காளர் பட்டியல். ஊர்ப் பற்றை விட வேண்டியதில்லை. எந்த ஊரின் குடிமகன் என்பதை மட்டும், படிவம் கையில் இருக்கும்போதே ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.