இறையியல் படிக்கப் போகும் மகள்

வணக்க மாதத்தின் கடைசி ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத் தலைவர் நம்மைக் கெபியின் பக்கமாக ஒதுக்கி அழைத்துச் சென்றார். பின்னாலேயே அவருடைய மனைவியும் வந்தார். இயற்பியலில் பட்டம் பெற்ற அவர்களுடைய மூத்த மகள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் எம்.ஏ. படிக்கப் போவதாகப் பிடிவாதமாக நிற்கிறாளாம்.

“மடத்துக்குப் போகிறாயா அம்மா என்று கேட்டால், இல்லை என்கிறாள். பி.எட். படி என்றால் அதுவும் வேண்டாம் என்கிறாள். சாமியார்கள் படிக்கிற படிப்பு இவளுக்கு எதற்கு? முடித்துவிட்டு வந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? நீங்கள்தான் ஐயா, அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்” என்றார் தந்தை.

தாயின் கவலை வேறு. “வேலை கிடக்கட்டும் ஐயா. இருக்கிற விசுவாசத்தையும் தொலைத்துவிட்டு வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?”

கோவில் முற்றத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விடைகள் அல்ல இவை. அன்று நாம் அரைகுறையாகக் கூறியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம். இதே கேள்விகள் இன்னும் பல வீடுகளில் எழுந்திருக்கின்றன என்பதை அறிவோம்.

முதலில், ‘சாமியார்கள் படிக்கிற படிப்பு’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலையாய கல்வி இறையியலே. கலைகளைக் கற்றுத் தேர்ந்த பின்னரே மாணவர் அதன் வாசலை மிதிக்க முடியும். பொதுச் சந்தையில் வாதிடுவதுபோல் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிரெதிர் நின்று வினா எழுப்பி விடை கண்ட காலம் அது. பின்னர் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டு, ஒவ்வொரு மறைமாவட்டமும் குருக்களைப் பயிற்றுவிக்கத் தனி இல்லம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. கல்வியறிவற்ற குருக்களால் திருச்சபை பட்ட அவமானத்தைத் துடைக்க அது மிகவும் தேவையான சீர்திருத்தம்தான். ஆனால் காலப்போக்கில் இறையியல் குருமடத்தின் மதிற்சுவருக்குள் குடிபுகுந்துவிட்டது. வெளியே நின்ற நமக்குச் சின்னக் குறிப்பிடம் மிஞ்சியது. அதையும் பொருள் அறியாமல் மனப்பாடம் செய்து, புதுநன்மைக்கு முந்தின நாள் ஒப்பித்ததோடு நம்மில் பலருக்கு வேதக் கல்வி முடிந்தது.

பெண்களின் நிலை இன்னும் இறுக்கம். வெனிஸ் நகரத்துப் பிரபுவின் மகளான எலேனா கொர்னாரோ, இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்றவர். தம் மகள் இறையியலில் முனைவர் பட்டம் பெற வேண்டுமென்று பதுவைப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியவர் அவருடைய தந்தை. நம் முற்றத்தில் நின்ற தந்தைக்கு நேர் மாறான தந்தை! பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்த பதுவை ஆயர் கிரகோரியோ பர்பரிகோ, ஒரு பெண்ணுக்கு இறையியல் பட்டமா என்று மறுத்துவிட்டார். இறுதியில் மெய்யியலில் பட்டம் தர இணங்கினார்கள். 1678-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், கூட்டம் தாங்காமல் பேராலயத்திலேயே தேர்வு நடந்தது. பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. மறுத்த ஆயரைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1960-இல் புனிதராக உயர்த்தினார். புனிதர்களும் தங்கள் காலத்தின் எல்லைக்குள் வாழ்ந்தவர்களே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதன் பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, அமெரிக்க நாட்டில் இந்தியானா மாநிலத்துப் புனித மரியா கல்லூரியின் தலைவியாயிருந்த அருட்சகோதரி மதலேவா, திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சேர்ந்த கவிஞர், ஒரு வினோதத்தைக் கண்டார். கத்தோலிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மறைக்கல்வி புகட்டுவோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அப்பெண்கள் இறையியலில் உயர் கல்வி பெறக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் எதுவும் இடம் தரவில்லை. கற்பிக்கலாம், கற்கக் கூடாது! பிறர் திறக்காத கதவுக்காகக் காத்திராமல், 1943-ஆம் ஆண்டு கோடையில் தம் கல்லூரியிலேயே பெண்களுக்கான இறையியல் பட்டமேற்படிப்பைத் தொடங்கினார். கன்னியரும் பொதுநிலைப் பெண்களும் அதில் பயின்று முதுகலைப் பட்டங்களும் முனைவர் பட்டங்களும் பெற்றனர். அறுபதுகளில் மற்றப் பல்கலைக்கழகங்கள் பெண்களை ஏற்கத் தொடங்கியதும் அப்பள்ளி தன் பணி முடிந்ததென அமைதியாக மூடப்பட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 62-ஆம் எண்ணில், பொதுநிலையினர் பலர் இறையியல் கல்வி பெற வேண்டுமெனச் சங்கத் தந்தையர் விரும்பினர். 1970-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், ஒரே வார இடைவெளியில் அவிலா தெரேசம்மாளையும் சியென்னா கத்தரீனம்மாளையும் திருச்சபையின் மறைவல்லுநர்களாக அறிவித்தார். அதுவரை அப்பட்டம் பெற்ற பெண் ஒருவரும் இல்லை. கத்தரீனம்மாள் மடத்தில் வாழ்ந்த கன்னியர்கூட அல்லர். சாமிநாதர் மூன்றாம் சபையில் சேர்ந்து தம் தந்தையின் வீட்டில் வாழ்ந்தவர். 1983-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்போ, 229-ஆம் எண்ணில் இதை உரிமையென்றே எழுதிவிட்டது. பொதுநிலையினர் திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் இறைநூல்களைப் பயிலவும், பட்டம் பெறவும், தகுதியுடையோர் அதிகாரமுள்ளவரின் ஆணை பெற்றுக் கற்பிக்கவும் அது வழி செய்கிறது. ஆகவே, மகள் கேட்பது சலுகையன்று.

நம் தமிழ் மண்ணுக்கு இது புதுமையும் அன்று. குருக்கள் ஆண்டுக்கொரு முறை மட்டுமே வந்துபோன ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர் யார்? உபதேசியார்! மனைவி மக்களோடு வாழ்ந்த பொதுநிலையினர். வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற நூலை எழுதியது அத்தகையோருக்காகவே. அவருக்கு முன் தத்துவ போதகர் இறையியலைத் தமிழ் உரைநடையில் விரித்து எழுதியபோதும், குருமடம் எதையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. அப்போது இங்குக் குருமடம் ஏது?

ஆயினும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மதத்திற்கு நெடுங்காலம் இடமில்லாமற் போனதற்குத் தனிக் காரணம் உண்டு. 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, புதிய பல்கலைக்கழகத் தேர்வுகளில் மத நம்பிக்கை சார்ந்த பாடங்கள் கூடா என்று வகுத்தது. அதன்படியே 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. எனவே இறையியல் கற்க விரும்பியோர் தனி நிறுவனங்களை நாடினர். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில் 1893-இல் கண்டியில் தொடங்கிய பாப்பிறைக் குருமடம் 1955-இல் புனாவுக்கு இடம் மாறியது. குர்சியோங்கில் இருந்த சேசு சபையாரின் இறையியல் கல்லூரி 1972-இல் டில்லிக்கு வந்து ‘வித்யாஜோதி’ என்ற பெயருடன் விளங்குகிறது. குருமாணவருக்கென எழுந்த இத்தகைய இல்லங்களில் இன்று கன்னியரும் பொதுநிலையினரும் பயில்கின்றனர். நம் பிரிந்த சகோதரர்கள் 1969-இல் மதுரை அரசரடியில் நிறுவிய இறையியல் கல்லூரியில் பாடங்கள் தமிழிலேயே நடப்பதைக் காணும்போது நமக்குச் சிறிது பொறாமையும் எழுகிறது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகமே கிறிஸ்தவ இயலுக்கென ஒரு துறையை ஏற்படுத்தியது. இறையியல் அறிஞரான அருட்தந்தை பெலிக்ஸ் வில்பிரட் அங்குப் பேராசிரியராக விளங்கியவர்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். குருமடத்து இறையியல், விசுவாசத்தை ஏற்றுக்கொண்டு அதன் உள்ளிருந்தே பொருள் தேடுவது. அரசுப் பல்கலைக்கழகத்து வகுப்பில் இந்துவும் இஸ்லாமியரும் பக்கத்தில் அமர்ந்திருப்பர். அங்கே மதம் வரலாறாகவும் சமுதாயச் சக்தியாகவும் ஆராயப்படும். இரண்டும் நல்லவையே. ஆனால் முன்னதை எதிர்பார்த்துப் பின்னதில் சேர்ந்தவர் திகைப்பர்.

இனித் தாயின் கேள்வி. இதுவே நம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. ஏனெனில் அந்த அச்சம் வீண் அச்சமன்று.

இறையியல் மாணவர் முதற்பருவத்திலேயே ஆதியாகமத்தைத் திறப்பார். முதல் அதிகாரத்தில் மரஞ்செடிகளும் விலங்குகளும் தோன்றியபின், கடைசியாக ஆணும் பெண்ணுமாக மனிதர் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்திலோ முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், இறுதியில் பெண். நாம் எத்தனை முறை கேட்டிருப்போம், இந்த வேறுபாடு கண்ணில் பட்டதுண்டா? இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளில் உருவான வரலாறுகள் என்று ஆசிரியர் விளக்குவார். ஐந்தாகமங்களும் மோயீசன் ஒருவரே எழுதியவை அல்ல என்பார். விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை, இரவு ஜெபம் முடிந்ததும் இதைச் சொன்னால் என்ன ஆகும்? “இதற்குத்தானா பணம் கட்டிப் படிக்கவைத்தோம்?” என்று தந்தை சீறுவார். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இந்தக் குடும்பச் சண்டையைத் திருச்சபை தன் வீட்டுக்குள்ளேயே ஒரு முறை நடத்தி முடித்திருக்கிறது. சாமிநாதர் சபைத் துறவியான லகிராஞ்சு, 1890-இல் ஜெருசலேமில் ஒரு விவிலியப் பள்ளியை நிறுவினார். திருமறை எழுந்த மண்ணிலேயே, அதன் மொழிகளையும் புதைபொருள்களையும் கொண்டு அதைக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஐந்தாகமங்களைப் பற்றி அவர் எழுதியவை பலருக்கு அதிர்ச்சி தந்தன. 1912-ஆம் ஆண்டு அவருடைய நூல்கள் சிலவற்றைக் குருமடங்களில் பயன்படுத்தலாகாது என்று உரோமையிலிருந்து ஆணை வந்தது. அவர் தாமே நிறுவிய பள்ளியை விட்டுப் பிரான்சு நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. கீழ்ப்படிந்தார். திருச்சபையை விட்டு விலகவில்லை, ஆராய்ச்சியையும் விடவில்லை. அடுத்த ஆண்டே ஜெருசலேமுக்குத் திரும்பிப் பணியைத் தொடர்ந்தார். 1938-இல் அவர் இறந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1943 செப்டம்பர் 30, புனித எரோணிமுஸ் திருநாளன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல், கத்தோலிக்க அறிஞர் மூல மொழிகளைக் கற்று, நூலாசிரியரின் காலத்தையும் அவர் கையாண்ட இலக்கிய வகையையும் ஆராய்ந்தே திருமறைக்கு விளக்கம் காண வேண்டும் என்று ஊக்கியது. 1965-இல் வத்திக்கான் சங்கமும் அதையே உறுதிப்படுத்தியது. இன்று லகிராஞ்சை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்துவதற்கான முயற்சிகள் நடந்து வருகின்றன.

ஆகவே, பிள்ளை வகுப்பில் கேட்டுவரும் செய்தி திருச்சபைக்குப் புறம்பானதன்று, நமக்குத்தான் புதிது. படிக்கும்போது விசுவாசம் தளர்ந்தவர்களும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. நாம் கண்டவரை, அவர்களைத் தளரச் செய்தது பெரும்பாலும் கேள்வியன்று, கேள்வியோடு தனித்து விடப்பட்டதே. விடுதியில் பேச ஆளில்லை, வீட்டில் பேசினால் சண்டை, பங்கில் கேட்டால் ‘அதிகம் படித்துவிட்டாய்’ என்ற கேலி. விண்மீன்களின் தொலைவைப் பல்கலைக்கழக அளவில் அறிந்த ஒரு பெண், கடவுளைப் பற்றி மட்டும் எட்டாம் வகுப்பு ஞானோபதேசத்தோடு நின்றுவிட்டால் அந்த விசுவாசம் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அந்தத் தாய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தந்தையின் கேள்விக்கு நம்மிடம் இவ்வளவு நல்ல விடை இல்லை. இதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.

ஜெர்மானிய நாட்டில் இறையியல் கற்ற பொதுநிலையினர் ஏராளம். அங்கே 1949-ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் அரசுப் பள்ளிகளில் மறைக்கல்வியை முறையான பாடமாக ஏற்றுக்கொண்டுள்ளது. அதைக் கற்பிக்க இறையியல் பட்டமும் ஆயரின் அனுமதியும் வேண்டும். தூபிங்கன், மியூன்ஸ்டர் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்க இறையியல் துறைகள் உள்ளன. அது மட்டுமன்று, மறைமாவட்டங்களே இறையியல் கற்ற பொதுநிலையினரைப் பங்குகளில் ஊதியத்துடன் பணியில் அமர்த்துகின்றன. படிப்பு, பணி, ஊதியம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

நம்மிடம் பிணைப்பு எங்கே? தமிழகத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஞானோபதேச வகுப்பும் நீதிபோதனை வகுப்பும் கால அட்டவணையில் தவறாமல் இடம்பெறுகின்றன. கணக்குக் கற்பிப்பவருக்குக் கணக்கில் பட்டம் வேண்டும். ஞானோபதேசம் கற்பிப்பவருக்கு அந்த மணி நேரத்தில் வேறு வகுப்பு இல்லாதிருந்தால் போதும்! பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதித் தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வு ஒரு பாடமாக இருப்பதால், அதில் தேறிக் கல்லூரிப் பணிக்குப் போகலாம் என்று கூறலாம். ஆனால் அத்தகைய இடங்கள் மிகச் சில. சங்கம் அழைத்தது, சட்டம் உரிமை தந்தது. அழைப்பை ஏற்று வந்தவருக்கு அமர நாற்காலி மட்டும் இல்லை. ஒவ்வொரு மறைமாவட்டமும் இரண்டு பள்ளிகளில் ஒருவர் என்ற அளவிலேனும் இறையியல் பட்டம் பெற்றவரை முழு ஊதியத்துடன் அமர்த்துமானால், இந்தத் தந்தைக்கு நாம் நிமிர்ந்து நின்று விடை சொல்லலாம். கோபுரத்துக்கு வண்ணம் பூச நன்கொடை திரட்டும் நமக்கு இது இயலாத செலவு என்று நாம் நம்பவில்லை.

அதுவரை, அப்பெண்ணுக்கு நாம் சொன்னது ஒன்றே: பி.எட். பட்டத்தையும் ஒரு நாள் சேர்த்துப் பெற்றுக்கொள் அம்மா, கைக்காவலாக இருக்கட்டும். அவள் சிரித்துக்கொண்டே, “அப்பா சொல்லித் தந்ததா ஐயா?” என்று கேட்டாள்.

ஜூலையில் அவள் சென்னைக்குப் போனாள். கன்னியர் நடத்தும் விடுதியில் இடம் கிடைத்தது. தீபாவளி விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்தபோது, ஜெபமாலை மாதத்து மாலையொன்றில் நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஐந்து தேவ இரகசியங்களும் முடிந்து, பிரார்த்தனையும் முடிந்து, தாய் காப்பி கொண்டுவர எழுந்தார். தந்தை தம் திருமணத்தின்போது கிடைத்த பழைய திருமறையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

“அப்படியானால் இதை மோயீசன் எழுதவில்லை என்கிறாயா?” என்றார். குரலில் கோபம் இருந்தது. ஆனால் புத்தகத்தை மூடவில்லை.

“எல்லாவற்றையும் அவர் எழுதவில்லை அப்பா. எது எப்போது எழுதப்பட்டது என்று நான் இன்னும் முழுவதும் படிக்கவில்லை. படித்த வரைக்கும் சொல்லட்டுமா?”

அடுக்களையிலிருந்து தாயின் குரல் வந்தது: “இருடி, நானும் வந்துவிடுகிறேன்.”