கடைசி வரிசைப் பிள்ளைகளும் உபாத்தியாயர் கடமையும்

ஆரம்பப் பாடசாலைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் கட்டடம், பாடத்திட்டம், சர்க்கார் ஒதுக்கும் பணம் ஆகிய மூன்றையே பெரிதாக எடுத்துக்கொண்டு வாதாடுகின்றனர். இவை அவசியமானவையே. ஆயினும், நான்காம், ஐந்தாம் வகுப்பு அறையின் நான்கு சுவர்களுக்குள், ஓர் உபாத்தியாயர் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு எதிரில் நின்று நாற்பது நிமிஷத்தை எவ்விதம் செலவிடுகிறார் என்பதே தேசத்தின் கல்வி விருத்தியடைகிறதா, இல்லையா என்பதை முடிவில் தீர்மானிக்கிறது. இவ்விஷயத்தைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலராதலின், இன்று அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

இவ்விரு வகுப்புகளுக்கும் ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைக்கு எழுத்தே பாடம். நான்காம் வகுப்பிலிருந்து எழுத்து கருவியாகிவிடுகிறது. பூகோளம், விஞ்ஞானம், சரித்திரம், கணக்கில் வரும் வாசகக் கேள்வி ஆகிய அனைத்தையும் அக்கருவியைக் கொண்டே அறிய வேண்டும். கருவி கைவராத பிள்ளை அன்று முதல் எல்லாப் பாடங்களிலும் ஒருங்கே பின்தங்குகிறது. பிரதம் என்னும் ஸ்தாபனத்தார் 2005 முதல் நடத்திவரும் கிராமக் கல்விப் பரிசோதனையின்படி, 2018-இல் இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரே இரண்டாம் வகுப்புத் தரமுள்ள ஒரு சிறு கதையைப் படிக்கக்கூடியவர்களாயிருந்தனர். கொள்ளைநோய்க் காலத்திற்குப் பின் 2022-இல் அத்தொகை இன்னும் குறைந்தது. 2024-இல் மறுபடியும் பாதியை நெருங்கியது. மற்றப் பாதிப்பேர் எங்கே? ஆஜர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது. அவர்கள் கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களைப் பள்ளி வாசல் வரையில் கொண்டுவருவதற்கு இந்நாட்டார் பட்ட பாடு கொஞ்சமன்று. 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் ராஜ்யமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் அது பெரிதும் விரிவடைந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. வயிறு நிறைந்து வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை எழுத்தறியாமல் எழுந்து போவதானால், இவ்வளவு பாடும் பாதிக் காரியமாகவே நின்றுவிடும். மீதிக் காரியம் உபாத்தியாயர் கையில் இருக்கிறது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கரும்பலகையும், சிலேட்டும், சில யுக்திகளும் போதும்.

முதலாவது, பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அறிய வேண்டும். வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து இரண்டு நிமிஷம் படிக்கச் சொன்னால் போதும். எழுத்து மட்டும் அறிந்தவர், சொல் படிப்பவர், சிறு பத்தி படிப்பவர், கதை படிப்பவர் என நான்கு பிரிவு தெரிந்துவிடும். பிறகு தினந்தோறும் ஒரு மணி நேரம் வகுப்பு வித்தியாசம் பாராமல் அப்பிரிவுகளின்படி உட்காரவைத்து, அவரவர் நிலைக்கேற்றபடி போதிக்க வேண்டும். மாதம் ஒரு முறை மறுபடியும் படிக்கச் சொல்லி, தேறியவரை மேற்பிரிவுக்கு மாற்ற வேண்டும். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் பிரதம் ஸ்தாபனத்தார் கையாண்ட முறை இதுவே. 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியோர் வட மாகாணங்களில் இதனைப் பரிசோதித்து, பலன் கண்டு வெளியிட்டிருக்கின்றனர். பிரிவுகளுக்கு மலரின் பெயரோ பறவையின் பெயரோ வைத்தல் நலம். ‘மக்குப் பிரிவு’ என்ற சொல் ஒரு முறை காதில் விழுந்தாலும் பிள்ளையின் ஊக்கம் குன்றிப்போகும்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் முறை. உபாத்தியாயர் கேள்வி கேட்டவுடன் முன்வரிசையில் நாலைந்து கைகள் உயர்கின்றன. அவர்களுள் ஒருவன் பதில் சொல்கிறான். உபாத்தியாயர் மேலே செல்கிறார். வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டது போன்ற ஒரு மயக்கம் உண்டாகிறது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்புகளைக் கூர்ந்து ஆராய்ந்து, உபாத்தியாயர்கள் கேள்வி கேட்டபின் சராசரி ஒரு விநாடியே காத்திருப்பதாகக் கண்டார். மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன என்றும், மௌனமாயிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்குகின்றனர் என்றும் அவர் 1970-களில் எழுதினார். காசு செலவில்லாத சீர்திருத்தம் இதைவிட வேறு என்ன இருக்கிறது? கேள்வியை முதலில் கேட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணி, அதன் பிறகே பெயரைச் சொல்லவேண்டும். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பியில் போட்டு, கைக்கு வந்த சீட்டை எடுத்துக் கூப்பிட்டால், கடைசி வரிசையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். இன்னும் நல்லது, எல்லோரும் பதிலைச் சிலேட்டில் எழுதி ஒரே சமயத்தில் உயர்த்திக் காட்டுவது. ஒரு பார்வையில் வகுப்பின் நிலை முழுவதும் விளங்கிவிடும்.

மூன்றாவது, பிழையைப் படிக்கக் கற்றல். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. இது கவனக்குறைவன்று. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகையால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. 612-ஐ 3-ஆல் வகுத்து 24 என்று எழுதும் பிள்ளை, நடுவில் வரவேண்டிய பூஜ்யத்தை விட்டுவிட்டது. மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்கு பெரிது என்று சொல்லும் பிள்ளை, மூன்றைவிட நான்கு பெரிது என்ற பழைய பாடத்தை இங்கும் பிரயோகிக்கிறது. இவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டால் ஒன்றும் விளையாது. ‘எப்படிச் செய்தாய், சொல்’ என்று கேட்டால் முடிச்சு எங்கே விழுந்தது என்பது வெளிப்படும். கழித்தலுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை அவிழ்த்துக் காட்டலாம். பின்னத்திற்கு ஒரே அளவுள்ள இரண்டு காகிதங்களை மடித்துக் காட்டலாம். வகுத்தலுக்கு முன், ‘600-ஐ மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு?’ என்று உத்தேசமாகக் கேட்டால், 24 என்ற விடை தப்பென்று பிள்ளைக்கே தோன்றும். பாடம் முடிந்ததும் ஒரே ஒரு கணக்கைத் துண்டுக் காகிதத்தில் போட்டுத் தரச் சொல்லி, அறிந்தவர், அரைகுறையாக அறிந்தவர், அறியாதவர் என மூன்றாகப் பிரித்துவைத்தால், மறுநாள் எங்கே தொடங்குவது என்பதற்கு அதுவே வழிகாட்டி.

நான்காவது, வாசிப்பும் எழுத்தும். தினம் பத்து நிமிஷம் உபாத்தியாயர் ஒரு நல்ல கதையை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் விரல் வைத்துத் தொடர வேண்டும். முடிவில் படித்ததைச் சொந்த வார்த்தைகளில் சொல்லச் செய்ய வேண்டும். நெட்டுருவும் புரிதலும் வெவ்வேறு என்பது அங்கே தெரியும். எழுத்தில், லகர ளகர ழகரப் பிழைகள் அனைத்தையும் ஒரே நாளில் திருத்தப் புகுவது வீண். ஒரு வாரம் ஒரு பிழை, நாள்தோறும் ஐந்து சொற்கள் என்று வைத்துக்கொண்டால் பயன் விளையும்.

ஐந்தாவது, பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தல். இது நமக்குப் புதியதன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியில் ஏற்றார். பிள்ளைகளையே போதகர்களாகவும் ஆக்கி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு பிரசுரம் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயராலேயே அது இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டில் ஒரு குற்றம் இருந்தது; அவன் பல இடங்களில் பிரம்பு பிடிக்கும் பிரதிநிதியாகிவிட்டான். இன்று நாம் கொள்ள வேண்டுவது குணத்தை மட்டுமே. அறிந்த பிள்ளை அறியாத பிள்ளைக்கு விடையைச் சொல்லாமல் வழியைச் சொல்லட்டும். அப்பொறுப்பு வாரந்தோறும் மாறி வரட்டும்.

பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2009-ஆம் வருஷச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனையையும் தடுத்திருக்கிறது. ‘பிரம்பில்லாமல் வகுப்பு அடங்குமா?’ என்று கேட்பவர் இன்னும் உளர். வேலையில்லாத கையே குறும்பு செய்யும். உபாத்தியாயர் ஆஜர் எடுக்கும் ஐந்து நிமிஷத்திற்கும் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதியிருந்தால், இரைச்சலில் பாதி எழவே எழாது. கண்டிப்பதைத் தனியேயும் மெச்சுவதைச் சபையிலும் செய்தால் மீதிப் பாதியும் அடங்கும்.

இவையனைத்தும் உபாத்தியாயர் ஒருவராலேயே ஆகக்கூடியவை அல்ல. அவரைக் கணக்குப் பதியும் குமாஸ்தாவாக்கிவிட்டுப் போதனையில் குறை சொல்வது நியாயமன்று. ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு அன்றி வேறு காரியங்களுக்கு அவரை இழுக்கலாகாது என அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு கூறுகிறது. ஊர்தோறும் பொதுக்காரியத்தில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் இதனைக் காத்து நிற்பது அவசியம். பள்ளி நிர்வாகக் குழுவில் கட்டடக் கணக்கைக் கேட்கும் அவர்கள், ‘ஐந்தாம் வகுப்பில் கதை படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?’ என்ற ஒரு கேள்வியையும் மாதந்தோறும் கேட்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் பத்துப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து படிக்கட்டும்.

பிரஜையின் கையில் வாக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டோம். அச்சீட்டில் உள்ளதையும், தன் நிலத்தின் பத்திரத்தையும், தன் கூலிக் கணக்கையும் பிறர் உதவியின்றித் தானே படித்தறியும் ஆற்றல் அவனுக்கு ஐந்தாம் வகுப்பில் கிடைக்க வேண்டும். அங்கே கிடைக்காதது பின்னர்க் கிடைப்பது அரிது. உபாத்தியாயர் கடைசி வரிசைக்கு நடந்து சென்று, அங்கே உட்கார்ந்துள்ள பிள்ளையை அழைத்து, மூன்று விநாடி பொறுத்திருப்பாராக.