டர்போவுக்கு எந்த ஆயில்? கேனில் இருக்கும் மூன்று வரிகள்

வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி ஓடும் தேசிய நெடுஞ்சாலை 48-இல் லாரிகள் ஓய்வதே இல்லை. பச்சைத் தோலும் உப்பும் ரசாயனமும் டேனரிகளுக்குப் போகின்றன. பதனிட்ட தோலும் தைத்து முடித்த ஷூவும் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. மின்சாரம் நின்றால் தோல் சுழலும் டிரம்களும் நின்றுவிடும் என்பதால், ராணிப்பேட்டை, ஆம்பூர் ஆலைகளுக்கு ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது. லாரி, பெரிய ஜெனரேட்டர், புதிதாக வாங்கிய சிறிய கார் என எதை எடுத்தாலும் இன்று அதில் டர்போ இருக்க வாய்ப்பு அதிகம். டர்போசார்ஜரையே தயாரிக்கும் ஆலை ஒன்று சோளிங்கர் அருகே புலிவலத்தில் இயங்குகிறது.

இவ்வளவு இருந்தும், ஆயில் வாங்கும்போது பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நல்லா கெட்டியா இருக்குமா?" டர்போ என்ஜினுக்கு இந்தக் கேள்வி போதாது.

டர்போவுக்குள் ஆயில் படும் பாடு

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. லாரி டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுழலும். சிறிய கார்களில் அது இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

ஒரு பக்கம் சில நூறு டிகிரி வெப்பம். நடுவில் ஓடும் ஆயில்தான் அந்த வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பள்ளிகொண்டா தாண்டி முழுச் சுமையோடு வந்த லாரியைச் சட்டென்று நிறுத்தி சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். நிறுத்தும் முன் சற்று நேரம் வண்டியை நின்ற நிலையில் ஓடவிடும் பழைய டிரைவர்களின் பழக்கம் அறிவியல்படி சரியானது.

முதல் வரி: பாகுத்தன்மை

15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று கேனில் பெரிதாக அச்சாகியிருப்பது எஸ்ஏஇ தரம். முன்னெண் குளிரில் ஆயில் எப்படி அசையும் என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு இந்த எண் முக்கியமல்ல.

பின்னெண்தான் நமக்குரியது. 100 டிகிரி வெப்பத்தில் 30 தர ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 தரம் 12.5 முதல் 16.3 வரை. டர்போவுக்கு இன்னும் முக்கியமானது 150 டிகிரியில், பலத்த நசுக்கலுக்கு நடுவே எடுக்கும் அளவு. 15டபிள்யூ-40 ஆயில் அதில் குறைந்தது 3.7 அலகும், 5டபிள்யூ-40 ஆயில் 3.5 அலகும், 30 தர ஆயில் 2.9 அலகும் காட்ட வேண்டும். கையில் தொட்டுப் பார்த்து அறியும் கெட்டித்தன்மைக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டர்போவைச் சென்றடையத் தாமதமாகும். டீசலையும் கூடுதலாகத் தின்னும்.

இரண்டாம் வரி: செயல்திறன்

ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரவரிசை. 'சி' என்று தொடங்கினால் டீசல், 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல்.

புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் டீசல் என்ஜின்களுக்காக 2002-இல் சிஐ-4 வந்தது. அத்தகைய என்ஜின்களில் புகைக்கரி ஆயிலில் அதிகம் கலக்கும். அதைத் திரளவிடாமல் தாங்கிப் பிடிப்பது அந்த ஆயிலின் வேலை. 2016 டிசம்பரில் வந்த சிகே-4, வெப்பத்தில் கெடாமலும் நசுங்கி இளகாமலும் இருப்பதில் இன்னும் கடுமையான சோதனைகளைத் தாண்டியது. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் 13 சதவீதத்துக்கு மேல் ஆவியாகக் கூடாது என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. டர்போவின் சூட்டில் ஆயில் குறைவதைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை இது.

பிஎஸ்-6 லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சாம்பல் அளவு. என்ஜினைச் சுத்தமாக வைத்திருக்கச் சேர்க்கும் கால்சியம், மக்னீசியச் சேர்மங்களும், தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகச் சேர்மங்களும் எரிந்தால் சாம்பலாகும். பிஎஸ்-6 வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டி புகைக்கரியைப் பிடித்து, பின்பு எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் விறகடுப்பில் கரியை எரித்துத் தீர்க்கலாம், சாம்பலை அள்ளித்தான் ஆக வேண்டும். வடிகட்டியில் சேரும் ஆயில் சாம்பலும் அப்படித்தான்; நாளடைவில் அடைத்துவிடும். அதனால்தான் சிகே-4 ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிஐ-4 தரத்தில் அந்த வரம்பு இல்லை. பழைய லாரிக்கு வாங்கி வைத்த சிஐ-4 வாளியைப் புது லாரிக்கும் ஊற்றினால், மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக விலை உயர்ந்த வடிகட்டியைப் பறிகொடுக்க நேரும்.

அமிலத்தை முறிக்கும் காரச் சக்தி அதிகமுள்ள ஆயிலே உயர்ந்தது என்ற எண்ணமும் இங்கே பரவலாக உண்டு. டீசலில் கந்தகம் நிறைந்திருந்த காலத்துக்கு அது பொருந்தியது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசல். அந்தத் தேவை குறைந்துவிட்டது.

சிறிய டர்போ பெட்ரோல் கார்களின் சிக்கல் வேறு. குறைந்த வேகத்தில், அதிகச் சுமையில், ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஸ்பார்க்குக்கு முன்பே தீப்பிடித்துப் பிஸ்டனையே உடைக்கக்கூடும். ஆயிலில் கால்சியம் அதிகமிருந்தால் இந்த ஆபத்தும் கூடுகிறது. இதற்கான சோதனை 2018-இல் எஸ்என் பிளஸ் தரத்தில் நுழைந்து, 2020 மே மாதம் வந்த எஸ்பி தரத்தில் நிலைபெற்றது. லாரி ஆயில் எவ்வளவு உயர்ந்ததானாலும், எஸ்பி என்றும் அச்சிடப்படாவிட்டால் அதை இந்தக் கார்களில் ஊற்றக் கூடாது.

மூன்றாம் வரி: என்ஜின் செய்தவர் கேட்பது

கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் கம்மின்ஸ், வோல்வோ, பென்ஸ் போன்ற நிறுவனங்களின் குறியீடுகள் இருக்கும். கம்மின்ஸின் சிஇஎஸ் 20086, சிகே-4 தரத்தோடு அந்நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகளையும் சேர்த்தது. உங்கள் என்ஜின் கையேட்டில் உள்ள குறியீடு கேனிலும் இருந்தால் மற்ற சந்தேகங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏபிஐயின் வட்ட முத்திரை இருந்தால் அது உரிமம் பெற்ற ஆயில். வெறும் எழுத்தாக மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளரின் கூற்று.

ஜெனரேட்டர்களுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம்-பிளஸ் விதிகள் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், புதிய ஜெனரேட்டர்கள் சிலவற்றிலும் துகள் வடிகட்டி வருகிறது. சாம்பல் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். எப்போதாவது சிறிது நேரம் மட்டும் ஓடும் ஜெனரேட்டரில் ஈரமும் டீசலும் ஆயிலில் கலக்கும். ஓடிய மணிகள் குறைவாக இருந்தாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்கில் ஆயிலை மாற்றியாக வேண்டும்.

மாற்றிய ஆயில் எங்கே போகிறது?

சரியான ஆயில் முழுத் தவணைக்கும் உழைக்கும். தவறான ஆயில் சீக்கிரம் கெட்டு, கழிவைப் பெருக்கும். 2016-ஆம் ஆண்டு கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய என்ஜின் ஆயில் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது போக வேண்டும். டேனரிக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அந்தத் தீர்ப்பு பிறந்த மண்ணில், கறுத்த ஆயிலை ஒர்க்‌ஷாப் பின்புறத்து மண்ணில் கொட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் கையேடு கேட்கும் மூன்று வரிகளை ஒரு அட்டையில் எழுதி, ஆயில் மூடிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அந்த மூன்றும் பொருந்தாத கேனை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், திறக்காமல் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.