வியாழக்கிழமை ஆறு மணி

1986இல் எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் சேர எனக்கு ஏழு மாதம் பிடித்தது. போன ஜூலையில், ஒரே மாலையில், அரை மணி நேரத்துக்குள் 11 பேர் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் சங்கத்தின் வாரச் செய்திமடல் என் அச்சகத்தில்தான் அடிக்கப்பட்டது. ட்ரெடில் மெஷினில் நான்கு பக்கம், 60 பிரதி. ஒரு வாரம் செயலாளர் கொடுத்தனுப்பிய தாளில் என் பெயரே இருந்தது. அச்சகத் தொழிலுக்கான இடத்தில் இன்னாரைச் சேர்க்க உத்தேசம், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தெரிவிக்கலாம் என்று மூன்று வரி. கம்போசிட்டர் அன்று விடுப்பு. என் பெயரை நானே எழுத்து எழுத்தாக எடுத்துக் கோத்தேன். அடுத்த சில நாட்கள் கடைத்தெருவில் யார் என்னைப் பார்த்துத் தலையசைத்தாலும், இவர் எழுதிப் போட்டிருப்பாரோ என்ற நினைப்பு வந்துபோனது.

ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது சங்கத்தின் ஆதி விதி. 1905 பிப்ரவரி 23இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் இன்னும் மூன்று பேரும் கூடியபோது நால்வரும் வெவ்வேறு தொழில்காரர்கள். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடியதால்தான் சுழற்சியைக் குறிக்கும் அந்தப் பெயரே வந்தது. எங்கள் ஊரில் அந்த விதி ஏறத்தாழ அப்படியே நடந்தது. 32 உறுப்பினர்கள், ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், ஒரு ஜவுளி, ஒரு உரக்கடை. சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் பெயருக்குக் கீழே தொழிலும் இருக்கும். என்னைப் பல பேர் முதல் வருடம் முழுக்க 'பிரஸ்' என்றே கூப்பிட்டார்கள்.

என்னை முன்மொழிந்தவர் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. முன்மொழிந்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவருடைய ஸ்கூட்டர் என் அச்சக வாசலில் வந்து நிற்கும். நான்கைந்து வாரம் போனதும், "அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே வந்துருவேனே" என்றேன். "வருவீங்க தம்பி. தனியா வந்தா கடைசி வரிசையில உக்காருவீங்க" என்றார். கூட்டத்தில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைக்கவும் மாட்டார். ஒவ்வொரு வாரமும் வேறொருவர் பக்கத்து நாற்காலியைக் காட்டிவிட்டு அவர் தள்ளிப்போய் அமர்ந்துகொள்வார். அதில் ஒரு கணக்கு இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. எட்டு மாதத்தில் அவரைத் தவிர எல்லோருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து முடித்திருந்தேன்.

வருகைப் பதிவு அன்று கறாராக இருந்தது. கூட்டம் வாராவாரம். அரையாண்டில் 60 சதவீதக் கூட்டங்களுக்காவது வந்திருக்க வேண்டும்; தொடர்ந்து நான்கு கூட்டம் வராதவர் உறுப்பினர் என்ற இடத்தையே இழக்கக்கூடும். வெளியூர் போனால் அந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து, செயலாளரிடம் கையெழுத்து வாங்கிவந்து கொடுத்தால் சரிக்கட்டிக்கொள்ளலாம். அதற்கு 'மேக்கப்' என்று பெயர். பெண் பார்க்கப் போன ஊரில் மேக்கப் முடித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் இரண்டு வாரம் போகவில்லை. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில் ஆடிட்டரும் உரக்கடைக்காரரும் பிளாஸ்கில் காபியோடு வார்டுக்கு வந்துவிட்டார்கள். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

சேர்ந்த மூன்றாம் மாதம் பத்து நிமிடம் பேச வேண்டும். தன் தொழிலைப் பற்றி மட்டும். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் இது கட்டாயம். நான் ஒரு கேலித் தட்டு நிறைய ஈய எழுத்துகளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். எழுத்துகள் தலைகீழாக, வலம் இடமாக இருப்பதை வரிசை வரிசையாகக் கைமாற்றிப் பார்த்தார்கள். மிராசுதார் ஒருவர் தன் பெயரின் முதலெழுத்தை எடுத்துக் கட்டைவிரலில் அழுத்தி, பதிந்த தடத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் நான் அந்தச் சங்கத்துக்காரன் ஆனேன் என்று இன்றும் நினைக்கிறேன். சட்டையில் சங்கப் பின்னைக் குத்திய நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை.

அப்புறம் கண் முகாம். அப்போதெல்லாம் முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்திலேயே அறுவைச் சிகிச்சையும் நடந்தது. வகுப்பறைகளில் பெஞ்சுகளை வெளியேற்றிப் பாய் விரித்து, கண்ணில் கட்டோடு முதியவர்களை நாள்கணக்கில் படுக்கவைத்திருப்போம். கஞ்சி கொண்டுவருவது, இரவில் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதெல்லாம் புது உறுப்பினர் வேலை. இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தவனுக்கு, எதிரே இன்னொரு தாத்தாவோடு வருபவர் ஊரின் பெரிய ஜவுளி முதலாளி என்ற தயக்கம் மறுநாள் இருக்காது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தக் கதவு யாருக்குத் திறக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. செய்திமடலில் அத்தனை வருடம் பெயர்களை அச்சடித்தேன். ஆட்சேபக் கடிதம் வந்ததாக ஒருமுறைகூடக் கேள்விப்படவில்லை. ஆட்சேபம் வரக்கூடிய பெயர்கள் அச்சுக்கே வரவில்லை என்பதுதான் காரணம். கடைத்தெருவில் 30 வருடமாகச் சலூன் நடத்திய ஒருவர், பஸ் ஸ்டாண்டு தண்ணீர்ப்பந்தலைச் சொந்தச் செலவில் கோடை தவறாமல் நடத்தியவர். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதிப்படி அவருடைய இடம் காலியாகவே இருந்தது. யாரும் அவர் பெயரை முன்மொழியவில்லை. நானும் செய்யவில்லை.

பெண்களுக்கோ விதியே குறுக்கே நின்றது. கலிபோர்னியாவில் டுவார்ட்டி என்ற சிற்றூரின் சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. அதற்காக அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் ரோட்டரியிலிருந்து நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 1989இல் சிங்கப்பூரில் கூடிய விதிமன்றம் உலகெங்கும் அந்தத் தடையை எடுத்தது. எங்கள் சங்கத்துக்கு முதல் பெண் உறுப்பினர் வர அதற்கு மேலும் ஐந்து வருடம் ஆனது. அவர் மகப்பேறு மருத்துவர். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். அதற்கு முன்பு அவரை நாங்கள் விருந்தினராக மேடையேற்றி, சால்வை போட்டு, வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இன்று 74 பேர் இருக்கிறோம். அதில் 21 பேர் பெண்கள். ஒரே தொழிலில் நான்கைந்து பேர் இருந்தாலும் தடையில்லை. மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவரும், ஆட்டோ வைத்து ஓட்டுபவரும் இருக்கிறார்கள். 2016இல் விதிகள் தளர்த்தப்பட்ட பிறகு மாதம் இரண்டு கூட்டம் போதும். நடு இரவில் ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமென்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டால் கால் மணி நேரத்தில் இருவர் கிளம்பிவிடுகிறார்கள். அதே தேவைக்கு அன்று நாங்கள் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினோம். சில சமயம் நேரம் கடந்துவிட்டது. இந்த வேகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

கண் முகாமும் நல்லபடியாகத்தான் மாறியிருக்கிறது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும். தேவைப்படுபவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறோம். லென்ஸ் வைத்து ஓரிரு நாளில் திரும்பிவிடுகிறார்கள். நோயாளிக்கு இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் புது உறுப்பினர் கைக்கு வேலையில்லாமல் போனது. 1995 டிசம்பரில் பல்ஸ் போலியோ தொடங்கிய பிறகு ஒரு தலைமுறை உறுப்பினர்கள் பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியோடு நின்று, சொட்டு மருந்து குடித்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடென்று சான்று வந்த அன்று அவர்களில் சிலர் அழுததை நான் பார்த்தேன். அதன் பிறகு வந்தவர்களை எந்த வேலையில் சேர்த்து நிறுத்துவது என்று நாங்கள் உட்கார்ந்து யோசிக்கவே இல்லை. பேனர் பின்னால் நிறுத்திப் படமெடுத்தோம்.

போன ஜூலை சேர்ந்த 11 பேருக்கும் அப்படித்தான் நடந்தது. எல்.இ.டி. திரையில் பெயர் வந்தது, மேடையேறினார்கள், தலைவர் பின் குத்தினார், படம் எடுத்தார்கள். அன்று இரவே வாட்ஸப் குழுவில் 50 பூங்கொத்துகள். தொழிலைப் பற்றிய பத்து நிமிடப் பேச்சு, நேரமில்லை என்று எப்போதோ கைவிடப்பட்டிருந்தது. எந்தக் கூட்டத்தில், யார் சொல்லி என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, குழுவில் வந்த பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே அட்மின்களுக்கு மட்டும் தெரிகிற, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி: இன்ன எண் வெளியேறினார். பெயர்கூட இல்லை, வெறும் எண். மேலே நாலைந்து கேக், கீழே நாலைந்து கேக். மற்ற அட்மின்களும் எதுவும் கேட்கவில்லை. உறுப்பினர் பட்டியலில் தேடிப் பார்த்தேன். அந்த 11 பேரில் ஒருவர், பிசியோதெரபிஸ்ட், புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக் வைத்திருக்கும் இளம்பெண்.

போன் செய்தேன். "கோபமெல்லாம் இல்ல சார்" என்றார். "மூணு கூட்டம் வந்தேன். நான் என்ன வேலை பாக்குறேன்னுகூட ஒருத்தரும் கேக்கல. வந்தாலும் வராட்டியும் ஒண்ணுதான்னு தோணுச்சு." அந்த மூன்று கூட்டத்துக்கும் நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. "ஏம்மா, ஒரு பத்து நிமிஷம் வந்து உன் வேலையப் பத்திப் பேசுறியா?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "எதைப் பத்தி சார், பக்கவாதம் வந்தவங்களப் பத்திப் பேசலாமா?" என்றார்.

தலைவரிடம் சொல்லி நிகழ்ச்சி நிரலில் சேர்த்தாயிற்று. ஆட்டோ ஓட்டும் நண்பரின் அப்பாவுக்குப் போன மாதம்தான் வலது பக்கம் விழுந்தது. அந்த நண்பரை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், பக்கத்து நாற்காலியைக் காலியாக வைக்கும்படி. வருகிற வியாழன் மாலை ஆறு மணிக்கு அந்தக் கிளினிக் வாசலில் என் ஸ்கூட்டர் நிற்கும். தானே வந்துவிடுவதாகத்தான் அவரும் சொன்னார்.