மார்கழியில் தொட்டிச் செடிகள்

பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகச் சாசனம் குறிக்கும் மணிமங்கலம், இன்று ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அண்டை ஊராகும். ஏரியும் பழங்கோவில்களும் இருந்த இடத்திலேயே இருக்க, தொழிலாளர் குடியிருக்கும் வீடுகள் புதிது புதிதாக எழுந்து வருகின்றன. தோட்டம் போட இடமில்லாத வீட்டிலும் வாசலோரத்தில் ஒரு துளசியோ, மாடிப்படியில் ஒரு ரோஜாவோ, பிறந்த ஊரிலிருந்து பதியன் எடுத்துப் பேருந்தில் மடிமீது வைத்துக் கொண்டுவந்த மல்லிகையோ இருக்கக் காணலாம். அம்மல்லிகை பட்டுப்போனால் கடையில் வேறொன்று வாங்கலாம். ஆனால் அது ஊர்ச் செடியாகாது.

சித்திரை வெயிலைத் தாங்கி நின்ற செடி, குளுமையான மார்கழியில் இலை பழுத்துச் சாய்வதேன்? "பனி தாக்கிவிட்டது" என்று கூறிப் பலர் மனந்தேறுகின்றனர். இது பனியின்மீது சுமத்தப்படும் வீண்பழியே ஆகும். மேல்நாடுகளில் உறைபனிக்கு அஞ்சிச் செடிகளை வீட்டுக்குள் எடுத்து வைக்கின்றனர். நம் பகுதியிலோ மார்கழி இரவிலும் உஷ்ணம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இங்குத் தொட்டிச் செடியைப் பெரும்பாலும் கொல்வது குளிரன்று, நீர்.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவைப் பெறுகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் அவ்விடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பிவிடுகின்றன. மழை விட்ட பின்னரும் வெயில் தணிந்திருப்பதால் இலைகள் குறைவாகவே நீரை வெளிவிடும். மண்ணும் மெல்லவே உலரும். நாமோ கோடையில் பழகிய கையோடு காலையும் மாலையும் செம்பு செம்பாக ஊற்றுகிறோம். மூச்சுத் திணறிய வேர் அழுகுகின்றது. அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாமையால் இலை வாடுகின்றது. வாட்டத்தைக் கண்டு இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம்! இவ்விதமாகவே எம் வீட்டுத் துளசி ஒன்றை யாமே கொன்றோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. தொட்டியைக் கவிழ்த்தபோது வேர் கறுத்து, சேற்று நாற்றம் வீசிற்று.

ஆகவே மார்கழியில் நாளைக் கணக்கிட்டு நீர் ஊற்றலாகாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் காலையில் அடி துளை வழியே நீர் கசியும்வரை ஊற்றலாம்; மாலையில் ஊற்றி இலைகளை இரவெல்லாம் நனைந்திருக்க விடுவது ரோஜாவுக்கு நோயை அழைப்பதாகும். ஏரி வண்டலை மட்டும் கொண்டு தொட்டியை நிரப்புவோர் உண்டு. வண்டல் வளமுடையதே, எனினும் களிப்புத் தன்மையால் நீரை விடாது பிடித்துக் கொள்ளும். செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சரிபாதியாகக் கலந்து நிரப்புவதே நன்று. தொட்டியை இரு செங்கற்கள்மீது தூக்கி வைத்தால் அடித் துளை அடைபடாது.

அடுத்து வெயில். ஆனி மாதத்தில் நண்பகற் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே செல்கின்றான்; மார்கழியிலோ வெகுவாகத் தெற்கே சாய்ந்துவிடுகின்றான். பகற்பொழுதும் ஏறத்தாழ 13 மணியிலிருந்து 11 மணிச் சொச்சமாகக் குறைகின்றது. ஆகையால் கோடையில் வெயில் விழுந்த வடக்குத் தாழ்வாரம் இப்போது முற்றும் நிழலில் ஆழ்ந்துவிடும். துளசியையும் ரோஜாவையும் தென்புறத்துக்கு மாற்றினாலே பாதி வைத்தியம் முடிந்தது. துளசியின் கதிர்களை முற்றவிடாது கிள்ளிவிடுவது மீதி வைத்தியம்.

குறுகிய பகலை விரும்பும் செடிகளும் உண்டு. இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டுக் கட்டும். பொங்கல் சந்தையில் அது குவிவதன் இரகசியம் இதுவே. ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூக்கும் டிசம்பர் பூவும் அவ்வாறே இக்காலத்துக்கு உரியது. அதன் ஒரு கொம்பை மழைக்காலத்தில் ஒடித்து நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். மணமில்லை என்று அதைத் தள்ளுவோர், மல்லிகை ஓய்வெடுக்கும் நாட்களில் கூந்தலுக்கு வேறெதைச் சூடுவர்?

குண்டுமல்லிக்கு அவ்வோய்வு இன்றியமையாதது. நவம்பர் இறுதி வாரத்தில் கவாத்து செய்ய வேண்டும். நிலத்துச் செடியை 50 செண்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவது வழக்கம். தொட்டிச் செடியை அதற்கேற்பக் குறைத்துக் கொள்ளலாம். ஊரிலிருந்து கொண்டுவந்ததாயிற்றே என்று கத்திரிக்க மனம் வராதவர்கள், வெட்டிய குச்சிகளையே நட்டு அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். ஊர்ச் செடி ஒன்றுக்கு நான்காகும்.

இவ்வூரார் இரு விஷயங்களில் விழிப்பாயிருத்தல் நலம். தொட்டியின் அடித்தட்டிலும், மணிபிளாண்ட் வைத்த பாட்டிலிலும் தேங்கும் தெளிந்த நீர், டெங்கு பரப்பும் கொசுவுக்கு உகந்த தொட்டிலாகும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதுமாதலால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மற்றொன்று, மலிவாகக் கிடைக்கும் இரசாயனப் பீப்பாய்களை வெட்டித் தொட்டியாக்குவது. உள்ளே என்ன இருந்தது என்று அறியாத பீப்பாயில் கீரையோ, கற்பூரவல்லியோ வளர்த்து உண்ணலாகாது.

வீட்டுச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சும் பரவியுள்ளது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் 1989-இல் மூடிய கூண்டுக்குள் நடத்திய சோதனையை வைத்து எழுந்த நம்பிக்கை இது. 2019-இல் இத்தகைய சோதனைகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், சன்னலைத் திறப்பதற்கு ஈடான பயன் கிட்ட வேண்டுமாயின் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் என்று கணக்கிட்டனர். அத்தனை செடிகள் வைத்தால் பாய் விரிக்க இடமிராது. செடியைக் கண்ணுக்காகவும் மனத்துக்காகவும் வளர்ப்போம்; காற்றுக்குச் சன்னல் இருக்கிறது.

தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மேல்மண்ணைக் கொத்தி, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய எரு இட்டு, நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கவாத்துப் பெற்ற மல்லிகை அதற்குள் துளிர் விட்டிருக்கும். பங்குனியில் மொட்டு எடுக்கலாம்.