வீட்டுப் பட்டறையில் ஆர்கான் வெல்டிங்: முதல் எவ்வளவு வேண்டும்?

எவர்சில்வர் சாயத் தொட்டியின் அடியில் ஊசித் துளை விழுந்தால் அதனால் விளையும் நட்டம் எவ்வளவு என்பதைச் சாயமிடும் குடும்பத்தார் நன்கறிவர். தொட்டியை இறக்கி, வண்டியேற்றி, நகரத்துப் பட்டறையில் முறைக்குக் காத்திருந்து, மீண்டும் கொணர்ந்து நிறுத்துவதற்குள் நூல் சாயம் காணாமல் கிடக்கும். தறியும் அதனோடு காத்துக் கிடக்கும். பால் கேன் ஓட்டையாகிவிட்டால் உழவர் வீட்டிலும் இதே கதைதான். ஆகவே, ஆர்கான் வெல்டிங் என்று பட்டறைகளில் வழங்கும் டிக் பற்றவைப்புச் சாதனத்தை வீட்டிலேயே அமைத்துக்கொண்டால் என்ன என்று அன்பர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால், நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டு, வாயு வாங்க வழியின்றி அதன்மேல் சாக்கைப் போர்த்தி வைத்திருக்கும் வீட்டையும் நாம் கண்டிருக்கிறோம். அக்காட்சியே இக்கணக்கை எழுதத் தூண்டிற்று.

இம்முறையில் டங்ஸ்டன் ஊசிமுனைக்கும் உலோகத்துக்கும் இடையே மின்சுடர் எரிகிறது. டங்ஸ்டன் 3,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகுமாதலால் முனை கரையாமல் நிற்கிறது. சுற்றிலும் பாயும் வாயு, உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காக்கிறது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரடித் என்பவர் மக்னீசியத்தைப் பற்றவைப்பதற்காக இதனை உருவாக்கியபோது ஹீலியத்தைப் பயன்படுத்தினார். இன்று நம் பட்டறைகளில் அவ்விடத்தை ஆர்கான் பிடித்துக்கொண்டது. எதனோடும் சேராத வாயுவாதலால் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். அந்தச் சோம்பேறிதான் நம் கைப்பணத்தைக் கரைப்பதில் மகா சுறுசுறுப்பு!

முதலில் எந்த உலோகத்தில் வேலை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கலப்பை, கதவு, தறிச்சட்டம் முதலிய இரும்பு வேலைகள் மட்டுமே எனில் சாதாரண ராடு வெல்டிங்கே போதும், டிக் வேண்டுவதில்லை. எவர்சில்வர் தொட்டியும் பாத்திரமும் எனில் நேர்திசை மின்னோட்டம் தரும் சிறு இயந்திரம் போதும். அலுமினியப் பால் கேனையும் ஒட்ட வேண்டுமானால் மாறுதிசை மின்னோட்டமும் தரும் இயந்திரம் வேண்டும். அதன் விலையோ முன்னதைப்போல் இரு மடங்குக்குக் குறையாது. ஆண்டுக்கு இரண்டு கேனை ஒட்டுவதற்காக அந்த அதிகப் பணத்தை முடக்குவது தகாது என்பது நமது கருத்து. கேனை மட்டும் நகரத்துக்கே அனுப்பலாம்.

இயந்திரத்தின் ஆற்றலிலும் ஆசை கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 40 ஆம்பியர் என்பது பட்டறைக் கணக்கு. எவர்சில்வருக்கு அதனினும் சற்றுக் குறைவே. ஆகவே 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 80 ஆம்பியர் போதும். வீட்டுக்கு 200 ஆம்பியர் இயந்திரம் தாராளம். அதனை முழு அளவில் ஓட்டினால் பெரும்பாலான இயந்திரங்கள் 230 வோல்ட்டில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. தனிக் கம்பியும் நல்ல எர்த்தும் வேண்டும். தறிக்கென்றோ கிணற்று மோட்டாருக்கென்றோ பெற்ற இணைப்பில் இதனை மாட்டலாகாது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிந்து, அச்செலவையும் கணக்கில் எழுதிக்கொள்க.

இனி வாயு. கடைக்காரர் வாயைத் திறவாத இடம் இதுதான். பெரிய சிலிண்டரின் கொள்ளளவு 47 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆர்கான் கிடைக்கும். நிமிடத்துக்கு 7 லிட்டர் விட்டால் 1,000 நிமிடம், அதாவது பதினாறு மணிக்குச் சற்று மேல் சுடர் எரியும். பத்து லிட்டர் சிறு சிலிண்டரில் 1,500 லிட்டரே இருப்பதால் மூன்றரை மணியில் தீர்ந்துபோம். சிறியதன் விலையும் நிரப்பும் கூலியும் அந்த விகிதத்தில் குறையா. மேலும், எவர்சில்வரின் பின்புறத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டால் அது கறுத்து, கருகிய சர்க்கரைபோல் பொருபொருத்துவிடும். அவ்விடத்தில் சாயமும் பாலும் தங்கி அரிப்பெடுக்கும். ஆகவே பின்புறமும் ஆர்கானைப் பாய்ச்ச நேரும், செலவு இரட்டிக்கும். ரெகுலேட்டர் இணைப்பில் ஒரு சிறு கசிவு இருந்து, குழாயை மூடாமல் இரவு உறங்கச் சென்றால் காலையில் சிலிண்டர் காலியாயிருக்கும். நமக்கே ஒருமுறை அவ்வாறு நேர்ந்தது. மலிவு கருதி வாங்கிய ரெகுலேட்டர் அது. அன்று முதல் சோப்பு நீர் தடவிப் பாராமல் நாம் வேலை தொடங்குவதில்லை.

அப்பால் சில்லறைச் சாமான்கள்: 1.6 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஊசிகள், 304 வகை எவர்சில்வருக்கு ஏற்ற 308எல் கம்பி, கையுறை, முகக்கவசம், ஊசி தீட்ட ஒரு கிரைண்டர். தோரியம் கலந்த சிவப்பு முனை ஊசியின் தூளில் கதிரியக்கம் உண்டு. சுவாசத்தில் சேராதிருக்க லாந்தனம் கலந்த ஊசியையே வாங்குக. முகக்கவசத்தில் சிக்கனம் செய்வது கண்ணில் சிக்கனம் செய்வதாகும். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றக் குளோரின் கலந்த திரவங்களைத் தொடவே கூடாது. சுடரின் ஒளியிலும் வெப்பத்திலும் அவற்றிலிருந்து பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு எழும். நாகப்பூச்சுள்ள குழாயை ஒட்டினால் அதன் புகையே காய்ச்சலைத் தரும். மூடிய அறையில் ஆர்கான் தேங்கினால் மூச்சுக்கு ஆபத்து. எனினும் விசிறியை நேரே திருப்பினால் சுடரைக் காக்கும் வாயு பறந்துவிடும். தாழ்வாரத்தில் ஒரு தட்டி மறைப்பு கட்டுவதே உத்தமம்.

கற்கும் செலவையும் எழுதாமல் விடுவோர் பலர். புதியவர் ஊசியை உருகிய குழம்பில் தோய்த்துத் தோய்த்து எடுப்பார். தோயுந்தோறும் தீட்ட வேண்டும். முதற் சிலிண்டர் ஏறக்குறைய முழுவதும் பழந்தகட்டிலேயே தீரும் என்று வைத்துக்கொள்வது நலம். ஆகவே கையில் 100 ரூபாய் இருந்தால் இயந்திரத்துக்கு 45 ரூபாய்க்கு மேல் தரலாகாது என்போம். சிலிண்டர், ரெகுலேட்டர், முதல் நிரப்பு ஆகியவற்றுக்கு 30. மின்கம்பிக்கும் காப்புச் சாமான்களுக்கும் 15. எஞ்சிய 10-ஐ இரண்டாம் நிரப்புக்கென முடிந்து வைக்க வேண்டும். இது நமது அனுபவக் கணக்கு. ஊருக்கு ஊர் சற்று மாறும். வாங்கும் வரிசையையும் தலைகீழாக்குக: வாயு கிடைக்கும் இடத்தையும் வண்டிச் சத்தத்தையும் முதலில் விசாரித்து, இயந்திரத்தைக் கடைசியில் வாங்குக.

பழைய சிலிண்டரை மலிவாகத் தருவோர் உண்டு. அதன் தோளில் பொறித்துள்ள அழுத்தப் பரிசோதனைத் தேதியைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பரிசோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை நடந்தாக வேண்டும். தவணை கடந்ததாயின் நிரப்புமிடத்தார் அதனைத் திருப்பி அனுப்பிவிடுவர்.